கூலண்ட் ஆயிலும் மயோனைஸும்

முதல் தடவை மயோனைஸ் திரிந்துபோனபோது எனக்கு நான் வேலை பார்த்த அம்பத்தூர் தொழில் எஸ்டேட்தான் ஞாபகத்துக்கு வந்தது.

ஜாரைத் திறந்தால் மேலே ஒரு விரற்கடை எண்ணெய் மிதக்கிறது. கீழே மஞ்சள் தண்ணீர். நடுவில் திரிந்த பால் மாதிரி துணுக்குகள். முட்டை, எண்ணெய், எலுமிச்சைச் சாறு, கடுகு, உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரே ஓட்டாக ஓட்டியிருந்தேன். சட்னிக்கு அப்படித்தானே செய்கிறோம்? பேரன் எட்டிப் பார்த்தான். "தாத்தா, இது ஆம்லெட்டுக்கா?"

நான் முப்பத்து நான்கு வருடம் லேத் முன்னால் நின்றவன். கடைசிப் பதின்மூன்று வருடம் கம்ப்யூட்டர் சொன்னபடி ஓடும் சி.என்.சி. லேத். இரும்பைக் கடையும்போது டூல் சூடாகாமல் இருக்க மேலே வெள்ளையாக ஒன்று ஊற்றிக்கொண்டே இருக்கும். பால் என்றே நினைக்கத் தோன்றும். இருபது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு எண்ணெய் கலந்தது அது. கூலண்ட் என்போம். அதைக் கலக்க ஒரே ஒரு விதிதான். முதலில் டிரம்மில் தண்ணீர், அப்புறம் அதில் ஆயில், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, கலக்கிக்கொண்டே. புதிதாக வரும் அப்ரண்டிஸ் பையன்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். ஆயிலைக் கொட்டிவிட்டு அதன் மேல் தண்ணீர் பைப்பைத் திறந்துவிடுவார்கள். பிசுபிசுவென்று ஒரு கூழ் வரும். அந்த டிரம் அவ்வளவுதான். ஃபோர்மேன் திட்டுவார், பையன் முழிப்பான், நாங்கள் சிரிப்போம்.

அன்றைக்கு அடுப்படியில் முழித்த பையன் நான்.

மயோனைஸிலும் வேலை அதேதான். முட்டை மஞ்சளிலும் எலுமிச்சைச் சாற்றிலும் இருக்கிற கொஞ்சூண்டு தண்ணீருக்குள் ஒரு டம்ளர் எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்து நிறுத்தியாக வேண்டும். துளிகள் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பது மஞ்சள் கருவில் இருக்கும் லெசிதின். கடுகும் அதற்கு ஒத்தாசை செய்யும். எண்ணெயை மொத்தமாகக் கொட்டினால் ஒவ்வொரு துளியையும் லெசிதின் போய்ச் சுற்றிக்கொள்வதற்குள் துளிகளெல்லாம் கைகோத்துக்கொள்ளும். திரிந்துவிடும். அதனால் முதல் இரண்டு ஸ்பூன் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பிடித்துக்கொண்டது தெரிந்த பிறகு நூல் மாதிரி ஊற்றலாம். ஓடுகிற மிக்ஸியின் சத்தமே மாறும், கவனித்துக் கேளுங்கள். வழவழவென்று ஓடியது திடீரென்று தொப்தொப்பென்று அடிக்கும்.

திரிந்ததைக் கொட்டிவிடாதீர்கள். கழுவித் துடைத்த வேறொரு ஜாரில் இன்னொரு மஞ்சள் கருவையும் ஒரு ஸ்பூன் தண்ணீரையும் போட்டு, திரிந்த சரக்கையே எண்ணெய் என்று நினைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட்டால் சேர்ந்துவிடும். அன்று இரவே அப்படித்தான் மீட்டேன். பேரன் பிரெட்டில் தடவித் தின்றுவிட்டு, "கடை மாதிரி இல்ல" என்றான். அது பாராட்டா இல்லையா என்று இன்றுவரை தெரியவில்லை.

நான் எப்படி அடுப்படிக்குள் வந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 கடைசியில் ஓய்வு. அடுத்த சில மாதங்களில் மனைவிக்கு முழங்கால் அறுவை. கொரட்டூரில் எங்கள் வீட்டு அடுப்படி வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவள் உட்கார்ந்துகொண்டாள். அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். முழங்கால் சரியாகிவிட்டது. நாற்காலி மட்டும் அங்கேயே இருக்கிறது.

அந்த நாட்களில்தான் ஃப்ரிட்ஜ் கதவைக் கவனித்தேன். பதினொரு பாட்டில்! மகள் வாங்குவது பாதி, பேரன் அடம்பிடித்து வாங்குவது மீதி. மயோனைஸ் இரண்டு, கெச்சப், ஷெஷ்வான் சட்னி, பீட்ஸாவுக்கு ஒன்று, மோமோவுக்கு ஒன்று, நிலக்கடலை வெண்ணெய், பேர் வாயில் நுழையாத ஒரு மெக்சிகோ சமாச்சாரம். ஸ்டோர் கணக்கெடுப்பு மாதிரி எல்லாவற்றையும் மேஜையில் அடுக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு லேபிள்களைப் படித்தேன். எண்கள் வரும் இல்லையா, 211, 202, 415, 330 என்று. வாட்ஸப்பில் இவற்றையெல்லாம் விஷம் என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை. 330 சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருக்கும் அதே புளிப்பு. 260 வினிகரின் புளிப்பு. 415 சாந்தன் பிசின், சாஸ் தண்ணீர் விடாமல் பிடித்துவைக்கும். 211 சோடியம் பென்சோவேட், 202 பொட்டாசியம் சார்பேட். இவை இரண்டும் பூஞ்சையும் ஈஸ்ட்டும் வளராமல் பார்த்துக்கொள்ளும் காவல்காரர்கள், அளவோடு போடச் சட்டமே அனுமதிக்கிறது.

படித்து முடித்தபோது எனக்கு ஒன்று பட்டது. இந்த எண்களில் ருசிக்கென்று சேர்த்தது குறைவு. பெரும்பாலும் நாளுக்காகச் சேர்த்தது. கடையில் நாம் காசு கொடுத்து வாங்குவது ஆறு மாதம், ஒன்பது மாதம் என்கிற நாளைத்தான். நாள் வேண்டாம், இரண்டு வேளைக்குப் போதும் என்கிறவனுக்குப் பாட்டில் எதற்கு? நாள் வேண்டுமென்றால் வீட்டில் செய்து என்ன பயன்? அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் இந்தக் கணக்கைத்தான் முதலில் போடுகிறேன்.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும்தான் தெரியும், ஆனால் இந்த விஷயத்தில் அவள் ஒரு லேபரட்டரி. எனக்கு முதல் ஷிஃப்ட் என்றால் டப்பாவில் தேங்காய்ச் சட்னி வைக்கவே மாட்டாள். "பத்து மணிக்கெல்லாம் ஊசிப்போயிடும்டா." பருப்புத் துவையலோ எள்ளுத் துவையலோதான். புளி தூக்கலாக, வதக்கி, தண்ணீர் தெளிக்காமல் அம்மியில் அரைத்தது. ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டி போனால் அன்றைக்கு வீட்டில் யாராவது ஒருவர் அடி வாங்குவது உறுதி. புளிப்பு, உப்பு, எண்ணெய், ஈரம் படாமல் காப்பது. அவளுடைய 211-உம் 202-உம் இவைதான்.

கூலண்ட் தொட்டியிலும் இதையே பார்த்திருக்கிறேன். ஞாயிறு மெஷின் ஓடாது. திங்கள் காலை ஷெட்டைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அசையாமல் நின்ற தண்ணீரில் பாக்டீரியா பெருகிவிட்டதன் வாடை. எண்ணெயில் அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் வளராது. தண்ணீர் சேர்ந்தால்தான் வம்பு.

சரி, முட்டைக்கு வருகிறேன். பச்சை முட்டை மயோனைஸ் எங்கள் வீட்டில் மூன்றே மாதம்தான் ஓடியது. ஒரு சனிக்கிழமை ராத்திரி மகள் வெளியே ஷவர்மா சாப்பிட்டாள். கடை எது என்பது வேண்டாம். ஞாயிறு முழுக்க வாந்தி, பேதி, திங்கள் டிரிப்ஸ். ஷவர்மாவில் எதனால் வந்தது என்று யார் கண்டது, கோழியாகவும் இருக்கலாம், மயோனைஸாகவும் இருக்கலாம். மனைவிக்கு அந்தச் சந்தேகமே போதும். "இனிமே பச்ச முட்டை இந்த வீட்டுல மிக்ஸில ஏறக் கூடாதுங்க." ஏறவில்லை. பிறகு 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டை மயோனைஸை ஓராண்டுக்குத் தமிழக அரசே தடை செய்தது. கேரளம் 2023-லும் தெலங்கானா 2024-லும் செய்தவைதான். காரணம் சால்மோனெல்லா என்கிற கிருமி. அந்தச் செய்தியை வாசித்துக் காட்டியபோது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல?"

முட்டை வேண்டுமென்பவர்கள் மஞ்சள் கருவை இரண்டு ஸ்பூன் தண்ணீர், கொஞ்சம் எலுமிச்சைச் சாறோடு கலந்து, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேல் கிண்ணத்தை வைத்துக் கிண்டிக்கொண்டே 71 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோய், ஆறவிட்டுச் செய்யலாம். தெர்மாமீட்டர் இல்லாமல் குத்துமதிப்பாகச் செய்தால் முட்டைப் பொரியல்தான் வரும். எனக்கு இதைவிடப் பால் வழி பிடித்துப்போய்விட்டது. பச்சை ஆவின் பாக்கெட்டிலிருந்து 100 மில்லி, காய்ச்சி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்தது. 200 மில்லி சூரியகாந்தி எண்ணெய். அரை ஸ்பூன் கடுகுப்பொடி, உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை. உயரமான, ஒடுங்கிய டம்ளரில் எல்லாவற்றையும் ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரை அடியில் அழுத்தி வைத்து ஓட்ட வேண்டும். அடி வெளுத்துக் கெட்டியாவது தெரிந்த பிறகே மெல்ல மேலே தூக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு கடைசியில். புளிப்பு பட்டதும் பால் புரதம் இறுகி இன்னும் கெட்டியாகும். முட்டை செய்கிற வேலையைப் பால் புரதம் செய்துவிடுகிறது. மூன்று நாளைக்கு மேல் நான் வைப்பதில்லை.

ஒரு தடவை, உடம்புக்கு நல்லதாயிற்றே என்று நல்லெண்ணெயில் செய்தேன். தீபாவளிக் காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து தூங்கினால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

நிலக்கடலை வெண்ணெய்தான் இருப்பதிலேயே சுலபம். அரை கிலோ வேர்க்கடலையை இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுத்து, தோலைத் தேய்த்து, முறத்தில் புடைக்க வேண்டும். இந்தப் புடைப்பது எனக்கு இன்னும் வரவில்லை. தோலும் கடலையும் சேர்ந்து பறக்கின்றன. நாற்காலியிலிருந்து ஒரு கை நீளும், முறத்தைக் கொடுத்துவிடுவேன். பிறகு மிக்ஸி. முதலில் பொடியாகும், பிறகு ஜாரின் சுவரில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். இந்த இடத்தில்தான் எல்லாரும் பயந்து தண்ணீர் விட்டுவிடுகிறார்கள். ஒரு சொட்டு விட்டாலும் கெட்டது. கடலை தண்ணீரை இழுத்துக்கொண்டு களி மாதிரி இறுகிவிடும், நாளும் போய்விடும். தள்ளித் தள்ளி ஓட்டிக்கொண்டே இருந்தால் சூட்டில் அதன் எண்ணெய் அதுவே கசிந்து, திடீரென்று இளகி, தோசை மாவு மாதிரி சுழல ஆரம்பிக்கும்.

ஆனால் மிக்ஸியைக் கொன்றுவிடாதீர்கள். மிக்ஸியைத் திருப்பி அடியில் உள்ள தகட்டைப் படியுங்கள், எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்று போட்டிருக்கும். யாரும் படிப்பதில்லை. நான் ஒரு நிமிடம் ஓட்டி இரண்டு நிமிடம் நிறுத்துகிறேன். மூச்சுவிடாமல் ஓட்டினால் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் பட்டென்று விழும். மோட்டார் எரியாமல் இருக்க வைத்த பொத்தான் அது, ஆறின பிறகு அழுத்திவிட்டால் ஓடும். பக்கத்து வீட்டில் இதற்காக மெக்கானிக்கைக் கூப்பிட்டு முந்நூறு ரூபாய் கொடுத்தார்கள்.

இந்த வெண்ணெயில் தண்ணீரே இல்லாததால் ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஒரு மாதம் தாராளமாக நிற்கிறது. மேலே எண்ணெய் பிரிந்து நிற்கும், கலக்கிக்கொண்டால் சரி.

ஹம்முஸுக்கு வெள்ளைக் கொண்டைக்கடலை. அரபியில் ஹம்முஸ் என்றாலே கொண்டைக்கடலைதான். நாம் சாப்பிடுவதன் முழுப்பேர் ஹம்முஸ் பி தஹினா, எள் விழுது சேர்த்த கொண்டைக்கடலை. இதில் என்னை ஆறு மாதம் அலைக்கழித்தது கடலை. எட்டு விசில் விட்டாலும் நறநறவென்றே இருந்தது. கடலை பழசு என்று கடைக்காரரைக் குறை சொன்னேன், குக்கரின் கேஸ்கட்டை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் எங்கள் போர் தண்ணீர். கெட்டிலில் வெள்ளையாகப் பாறை கட்டும் தண்ணீர் அது. அதில் இருக்கும் கால்சியம் கடலைத் தோலை இளகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. கேன் தண்ணீரில் கால் ஸ்பூன் சமையல் சோடா போட்டு ராத்திரி ஊறவைத்து, காலையில் கழுவி, மறுபடி கேன் தண்ணீரிலேயே வேகவைத்தேன். ஆறு விசிலில் விரலுக்கிடையில் மசிந்தது. கடைக்காரரிடம் மன்னிப்பு கேட்கவில்லை. அடுத்த மாதம் இரண்டு கிலோ சேர்த்து வாங்கினேன், கணக்கு நேர்.

எள் விழுது, அதாவது தஹினி, கடையில் யானை விலை. கொரட்டூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, பாரிமுனைப் பக்கம் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குப் போனால் தோல் நீக்கிய வெள்ளை எள் மொத்த விலைக்குக் கிடைக்கும். நம் எள்ளுப்பொடிக்கு வறுப்பது போலப் படபடவென்று வெடிக்க விடக் கூடாது. நிறம் மாறத் தொடங்கும்போதே இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். கொஞ்சம் எண்ணெய் சேர்த்துச் சின்ன ஜாரில் வழவழப்பாக அரைத்தால் முடிந்தது. கால் கிலோ கடலைக்கு நூறு கிராம் எள் என்ற கணக்கில் போடுகிறேன். கூட ஒரு பல் பூண்டு, எலுமிச்சைச் சாறு, சீரகத்தூள், அரைக்கும்போது இரண்டு ஐஸ் கட்டி. ஐஸ் போட்டால் நிறம் வெளுத்து, நுரைத்து வரும்.

மனைவி ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்தாள். "சுண்டலை அரைச்சு வெச்சிருக்கீங்க."

"இதை நாலு நாட்டுக்காரங்க எங்களோடது, உங்களோடதுன்னு சண்டை போட்டுக்கறாங்க."

"தாளிக்காம சாப்பிட்டா சண்டைதான் வரும்."

கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து மேலே கொட்டினாள். லெபனான்காரர்கள் மன்னிக்கட்டும். தோசைக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

கெச்சப் வீட்டில் செய்யாதீர்கள். செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கோயம்பேட்டில் தக்காளி மலிந்து கிடந்த ஒரு வாரம் ஐந்து கிலோ வாங்கினேன். பெங்களூர்த் தக்காளியில் சதை அதிகம், நாட்டுத் தக்காளியில் புளிப்பு அதிகம், இரண்டையும் கலந்தேன். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு தண்ணீர் என்பது வாங்கும்போது மனதில் படவில்லை. ஐந்து கிலோ தக்காளி வாங்கினேன் என்றால் கிட்டத்தட்ட நாலேமுக்கால் லிட்டர் தண்ணீரைப் பையில் தூக்கிக்கொண்டு வந்தேன் என்று அர்த்தம். வேகவைத்து, அரைத்து, சல்லடையில் தேய்த்து, வெங்காயம், பூண்டு, பட்டை, கிராம்பை மூட்டை கட்டிப் போட்டு வற்றவைக்க ஆரம்பித்தேன். கூலண்ட் சரியான பதத்தில் இருக்கிறதா என்று பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு சின்னக் குழாய் உண்டு. ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் உள்ளே எண் தெரியும். ஜாம் கம்பெனிகளிலும் அதே கருவிதான். ஓய்வுபெறும்போது என் பழைய குழாயை நானே வைத்துக்கொள்ளக் கொடுத்துவிட்டார்கள். கெச்சப் என்று பேர் போட்டு விற்க வேண்டுமென்றால் உப்பு நீங்கலாகக் கரைந்த திடப்பொருள் 25 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு மணி நேரம் கழித்துக் குழாய் 11 காட்டியது. சர்க்கரை, உப்பு, வினிகர் போட்ட பிறகு 19. நான்கு மணி நேரத்துக்குப் பிறகு 27. அதற்குள் எங்கள் அடுப்படிச் சுவரில் எரிமலை வெடித்தது போல் தெறித்திருந்தது. என் முழங்கையில் மூன்று கொப்புளம். கிடைத்தது ஒரு கிலோவுக்குச் சற்று மேல்.

ருசி? பிரமாதம். பேரன் இரண்டு நாள் தொட்டுக்கொண்டான், மூன்றாம் நாள் பழைய பாட்டிலைத் தேடினான். அவன் வாய் அந்தப் பாட்டிலுக்கே பழகிவிட்டது. மூன்றாவது வாரம் யாரோ இட்லி தொட்ட ஸ்பூனை உள்ளே விட்டிருக்கிறார்கள், மேலே பச்சைப் பூஞ்சை. எங்கள் வீட்டில் இருப்பது நான்கு பேர், யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கெச்சப் நாள்பட நிற்பதற்கென்றே பிறந்த சாமான். அதன் பேர்கூட சீனத்து மீன் சாறிலிருந்து வந்தது என்கிறார்கள், கப்பலில் மாதக்கணக்கில் கெடாமல் போன சாறு. நாளை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டுமென்றால் கெச்சப்பில் வாங்கலாம். சோயா சாஸும் அப்படியே. மாதக்கணக்கில் புளிக்க வைக்கும் வேலைக்கு எனக்கு இடமும் இல்லை, வீட்டில் அனுமதியும் இல்லை.

ஷெஷ்வான் சட்னியைச் செய்யலாம். சீனாவின் சிச்சுவானுக்கும் இதற்கும் பேரைத் தவிரப் பெரிய உறவில்லை, அங்கே நாக்கு மரத்துப்போகும் ஒரு மிளகு போடுவார்கள், நம் பாட்டிலில் அது இருக்காது. பியாட்கி மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து அரைத்து, பொடியாக நறுக்கிய பூண்டும் இஞ்சியும் தாராளமான எண்ணெயில் வதங்கியதும் ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை சுண்டவைத்து, வினிகர் சேர்த்து இறக்க வேண்டும். நம் தக்காளித் தொக்குக்கு என்ன பதமோ அதே பதம். தொக்கு கிண்டத் தெரிந்தவருக்கு இதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. தண்ணீர் வாசல் இரண்டாம் படிவரை வந்து நின்றது. ஃப்ரிட்ஜைத் திறந்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். ஹம்முஸ், பால் மயோனைஸ், புதினாச் சட்னி எல்லாம் போச்சு. முகராமலே கொட்டியிருக்கலாம். கடையில் வாங்கித் திறந்து வைத்திருந்த மயோனைஸையும் கொட்டினேன், திறந்த பிறகு குளிரில் வை என்று அதிலேயே எழுதியிருந்தது. எலுமிச்சை ஊறுகாயும் மிளகாய்ப்பொடியும் கடலை வெண்ணெயும் அசையவில்லை. அந்த மூன்று நாளும் கஞ்சிக்கு ஊறுகாய்தான். அதற்குப் பிறகுதான் நாள் தாங்காத எதையும் சில நாளில் தீரும் அளவுக்கு மேல் செய்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பாட்டிலிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, மார்க்கரில் செய்த தேதியும் கொட்ட வேண்டிய தேதியும் எழுதுகிறேன். ஷாப்பில் ஒவ்வொரு வேலைக்கும் ஜாப் டேக் என்கிற விவரச் சீட்டு கட்டிய பழக்கம். மனைவி தேங்காய்ச் சட்னி அரைத்த கிண்ணத்திலும் ஒருநாள் பேரன் டேப் ஒட்டியிருந்தான், "காலை 9 மணி வரை" என்று. அவனுக்கும் பாட்டிக்கும் அன்றைக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

இன்னும் கைக்கு வராதது ஒன்றே ஒன்று. தூம் என்பார்கள், ஷவர்மாவோடும் அல்ஃபாம் கோழியோடும் வெள்ளையாகத் தருவார்களே, அந்தப் பூண்டு விழுது. முட்டை, பால் எதுவும் கிடையாது. பூண்டு, உப்பு, எலுமிச்சைச் சாறு, எண்ணெய், அவ்வளவுதான். பூண்டுக்குள் இருக்கிற சத்தே எண்ணெய்த் துளிகளைப் பிடித்து நிறுத்த வேண்டும். லெசிதின் அளவுக்குத் தெம்பில்லாத பிடி, அதனால் எப்போது வேண்டுமானாலும் கைவிட்டுவிடும். நான்கு தடவை செய்து மூன்று தடவை திரிந்தது. மிச்சம் ஒன்று, அதாவது இரண்டாவதாகச் செய்தது, பஞ்சு மாதிரி வந்தது, ஏன் வந்தது என்று எனக்கே தெரியாது. மூன்றாம் தடவை கொடைக்கானல் மலைப்பூண்டு போட்டேன். புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு ஆயிற்றே, சும்மா இருக்குமா? காரம் காதுவரை ஏறியது.

பூண்டும் எண்ணெயும் சேர்ந்த எதையும் வெளியே வைத்துவிடாதீர்கள், இதில் மட்டும் விளையாட்டு கூடாது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள், புளிப்பில்லாத இடத்தில், பாட்டுலினம் என்று ஒரு கிருமி வாடையே காட்டாமல் வளரும். புளிப்பைக் காட்டும் பி.எச். எண் 4.6-க்குக் கீழே இருந்தால் அது வளராது, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். நான் எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிந்து, கூலண்டுக்கு வைத்திருந்த பி.எச். தாளில் தொட்டுப் பார்த்துவிட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்தில் தீர்த்துவிடுவேன். தீர்க்கும் அளவுக்கு வந்தது ஒரு தடவைதான் என்றாலும்.

எங்கள் தெரு முனையில் ஷவர்மா போடும் பையனிடம் கேட்டேன். "அங்கிள், எல்லாம் ஜில்லுனு இருக்கணும். எண்ணெயைக்கூட ஃப்ரிட்ஜ்ல வைங்க. கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் எலுமிச்ச, மாத்தி மாத்தி. பூண்டுக்குள்ள பச்சையா முளை இருந்தா எடுத்துருங்க." இவ்வளவையும் சொல்லிவிட்டு, "ஆனா நாங்க அஞ்சு கிலோ போடுவோம், மெஷின்ல. வீட்டு மிக்ஸில கம்மியா போட்டா பிளேடுக்கே எட்டாது" என்றான்.

அதுதான் விஷயம் போலிருக்கிறது. சில நாளில் தீரும் அளவுக்கு மேல் செய்வதில்லை என்ற என் சட்டமும் தூமும் ஒத்துப்போகவில்லை. சின்ன ஜாரில் பிளேடுக்கும் அடிக்கும் எவ்வளவு இடைவெளி என்று நேற்று வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன், ஆறு மில்லிமீட்டர். பூண்டை முதலில் உப்போடு சேர்த்துக் கல்லுரலில் மை போல இடித்துவிட்டு, அப்புறம் ஜாரில் போட்டால் அந்த ஆறு மில்லிமீட்டரை மூட முடியுமா என்று ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும். எண்ணெயை இப்போதே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். பூண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவள் உரித்துக்கொண்டிருக்கிறாள்.